எல்லாக் குழுவிலும் எல்லாமும் - ஒரு வயிற்றெரிச்சல்

நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. கொசுக்கடியில் தூக்கம் வராமல், என் கைப்பேசியில் மொத்தம் எத்தனை வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். 43. பன்னிரண்டாம் வகுப்பு நண்பர்கள், அதே நண்பர்களில் ஒருத்தனுக்குப் பிடிக்காத நாலு பேரைக் கழித்துவிட்டு ஆரம்பித்த இன்னொரு குழு, கல்லூரியில் எங்கள் செட், எங்கள் டிபார்ட்மென்ட், டிபார்ட்மென்டில் பசங்க மட்டும், பஸ்ஸில் ஒன்றாக வருகிறவர்கள், தெரு இளைஞர்கள், கோயில் திருவிழா, அப்பா வழிப் பங்காளிகள், அம்மா வழிச் சொந்தம், கிரிக்கெட் டீம் (டீம் கலைந்து ரெண்டு வருஷம் ஆகிறது, குழு மட்டும் இருக்கிறது)... எண்ணி முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த 43-ல் ஒன்றுகூட 'என்ன பேசுகிறோம்' என்பதற்காக ஆரம்பித்தது இல்லை. எல்லாமே 'யார் பேசுகிறோம்' என்பதற்காக ஆரம்பித்தவை.

அதனால் உனக்கு என்னடா நஷ்டம் என்கிறீர்களா? எனக்கு இல்லை. எங்கள் ஜூனியர் ஒரு பெண்ணுக்கு நஷ்டம். கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது, குடும்பத்தில் வேறு யாரும் பட்டதாரி இல்லை என்று ஓர் உறுதிமொழிப் படிவம் வைக்க வேண்டும். அதை எங்கே எடுப்பது, யார் யார் கையெழுத்துப் போடுவது என்று டிபார்ட்மென்ட் குழுவில் கேட்டாள். ராத்திரி ஒன்பது மணிக்கு. ஒன்பதே காலுக்கு யாரோ ஒரு சினிமா டீசரைப் போட்டார்கள். அதற்குக் கீழே 70 செய்தி. காலையில் ஆறு குட்மார்னிங் படம், ரெண்டு பிறந்தநாள் கேக். அவள் கேள்வி எங்கேயோ மேலே போய்விட்டது. திரும்பக் கேட்கக் கூச்சம். இதில் கொடுமை என்ன தெரியுமா? அதே கேள்விக்கு அதே குழுவில் மூன்று மாதத்துக்கு முன்னால் நானே விவரமாகப் பதில் எழுதியிருக்கிறேன். பதில் இருக்கிறது, அவளும் இருக்கிறாள், இரண்டும் ஒரே குழுவில் இருக்கின்றன, ஆனால் சந்திக்கவில்லை. சான்றிதழ் நேரத்துக்கு வரவில்லை. அந்த செமஸ்டருக்கு முழுக் கட்டணம் கட்ட அவள் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. கெட்டவர் யாரும் இல்லாத கதை. எல்லோரும் நல்ல பிள்ளைகள். குழு கட்டின விதம்தான் கோளாறு.

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம் :-) ஆளை வைத்துக் கட்டுகிற குழு அரட்டைக்கு ஆகும், வேறு எதற்கும் ஆகாது. சில சமயம் ஊரையே கொளுத்தும். பொருளை வைத்துக் கட்டுகிற குழுதான் ஒரு கேள்வியோடு வருகிற அந்நியனுக்கு உதவும். இணையம் குழந்தையாக இருந்தபோதே இதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. நாம்தான் தொலைத்துவிட்டு, தொலைத்தது தெரியாமல் குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இது தெரியவந்ததே ஒரு விபத்து. நம்ம குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பற்றி எழுதலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். (ஏழு ராகத்துக்கு ஏழு பகுதியாகப் பிரித்து, பாறையில் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், டவுனிலிருந்து பஸ் இருக்கிறது.) தேடலில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, ரெக்.மியூசிக்.இந்தியன்.கிளாசிக்கல் என்று ஒரு பழைய விவாதக் குழுவின் கிடங்கில் போய் விழுந்தேன். நான் பிறப்பதற்கு முன்னால் எழுதியவை. யாரென்றே தெரியாத ஆட்கள் ராகத்தையும் சுருதியையும் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். ஒருத்தர் தப்பாகச் சொல்கிறார், அடுத்தவர் திருத்துகிறார், மூன்றாமவர் திருத்தினவரைத் திருத்துகிறார், எல்லாம் ஒரே இழையில் வரிசையாக. எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் என்னை யாரும் 'ஆட்' பண்ணாமலே, அட்மினுக்கு சலாம் போடாமலே, இத்தனை வருஷம் கழித்து, புதுக்கோட்டையில் உட்கார்ந்து, என்னால் அதைப் படிக்க முடிந்தது. என் டிபார்ட்மென்ட் குழுவில் நேற்று வந்த பதிலை எடுக்க முடியவில்லை!

இதுக்குப் பெயர் யூஸ்நெட். 1979-ல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்று இரண்டு மாணவர்கள் போட்ட திட்டம். மாணவர்கள், கவனிக்க. ஒரு பல்கலைக்கழகத்துக் கணினி, பக்கத்துப் பல்கலைக்கழகத்துக் கணினிக்கு டெலிபோன் போட்டு, தன்னிடம் உள்ள புதுச் செய்திகளைக் கொடுத்து, அதனிடம் உள்ளதை வாங்கிக்கொள்ளும். அது அடுத்த கணினிக்குக் கொடுக்கும். போன் கட்டணம் குறைவான ராத்திரி நேரத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல். எஸ்.டி.டி. பூத்தில் ராத்திரி ரேட்டுக்காக வரிசையில் நின்றதாக அப்பா சொல்வாரே, அதே கணக்கு. நடுவில் ஒரு முதலாளியின் சர்வர் கிடையாது. ஊர் ஊராகக் கைமாறும் தபால் மாதிரி.

செய்தி கூடக் கூட, எது எங்கே என்ற பிரச்சினை வந்தது. முதலில் பெரும்பாலான பெயர்கள் 'நெட்' என்ற ஒரே தலைப்பில் குவிந்து கிடந்தன. 1986-87-ல் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுப் பெயர் மாற்றினார்கள். 'பெரும் பெயர்மாற்றம்' என்று வரலாற்றில் அதற்குப் பெயர். ஏழு தலைவாசல் வைத்தார்கள்: கணினிக்குக் 'கம்ப்', அறிவியலுக்கு 'சை', சமூகத்துக்கு 'சாக்', பொழுதுபோக்குக்கு 'ரெக்', யூஸ்நெட் நிர்வாகத்துக்கு 'நியூஸ்', ஓயாத வாய்ச்சண்டைக்கு 'டாக்', இதில் எதிலும் அடங்காததற்கு 'மிஸ்க்'. 1995-ல் எட்டாவதாக மானுடவியல் துறைகளுக்கு ஒன்று சேர்த்தார்கள். (ஏழு ராகத்துக்கும் ஏழு வாசலுக்கும் முடிச்சுப் போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அப்புறம் அதுவே ஒரு ஃபார்வேர்டாக வந்து சேரும்.) பெயரை இடமிருந்து வலமாகப் படித்தால் பெரிய பொருளிலிருந்து சின்னப் பொருளுக்குப் போகும். தபால் முகவரியைத் தலைகீழாக எழுதின மாதிரி. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு. ரெக் என்றால் பொழுதுபோக்கு, அதில் மியூசிக், அதில் இந்தியன், அதில் கிளாசிக்கல். பெயரே போர்டு. உள்ளே போகலாமா வேண்டாமா என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

இந்த 'டாக்' வாசல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெட்டிச்சண்டையைத் தடை செய்யவில்லை. தனி அறை கொடுத்துவிட்டார்கள். கடல் தாண்டிச் செய்தி கொண்டுபோகிற செலவை ஏற்றுக்கொண்ட ஐரோப்பியக்காரர்கள், எங்கள் காசில் உங்கள் வாய்த்தகராறையும் சுமக்க வேண்டுமா என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். வேண்டாதவன் அந்த ஒரு வாசலை மட்டும் மூடிக்கொள்ளலாம், அறிவியலும் கணினியும் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். இன்றைக்கு என் 43 குழுவில் சண்டை வேண்டாம் என்றால் மாமா வீட்டுக் கல்யாணத் தேதியும் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

புதுக் குழு வேண்டுமென்றால் வாக்கெடுப்பு. இன்னின்னது பேசலாம், இன்னின்னது கூடாது என்று ஒரு சாசனம் எழுதி, முதலில் விவாதத்துக்கு வைத்து, பிறகு ஓட்டு. வேண்டும் என்ற ஓட்டு, வேண்டாம் என்பதைவிட 100-ஆவது கூடுதலாக இருக்க வேண்டும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் இருக்க வேண்டும். ஒரு விரல் தட்டலில் குழு ஆரம்பித்து 200 பேரை அவர்கள் சம்மதம் கேட்காமல் உள்ளே இழுத்துப்போடும் நம் ஆட்களுக்கு இந்த ஒரு பத்தியை மட்டும் அச்சடித்துக் கொடுக்கலாம்.

இந்த அமைப்பை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டுப் போக நான் தயாரில்லை. பொருள்வாரியாகப் பிரிப்பது என்றாலே, பிரிப்பது யார் என்ற கேள்வி வரும். பெரிய கணினிகளை நடத்திய சில நிர்வாகிகள் கையில்தான் அதிகாரம் இருந்தது. அவர்களைப் பார்த்துக் கடுப்பானவர்கள் 1987-ல் 'ஆல்ட்' என்று வாக்கெடுப்பே தேவைப்படாத தனி வாசல் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். அந்தப் புரட்சிக்குக் காரணங்களில் ஒன்று சமையல் குறிப்பு! பிரையன் ரீட் என்பவர் நடத்திவந்த சமையல் குறிப்புக் குழுவை எந்தப் பெயரில் வைப்பது என்பதில் மனத்தாங்கல். குழம்புக்கு எந்த அடுப்பு என்பதில் குடும்பம் பிரிந்த கதை.

நம்ம விஷயத்திலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஜப்பானிய மொழிக்கு 'சை' வாசலில் இடம்: சை.லாங்.ஜப்பான். அதாவது மொழி, ஆராய்ச்சிக்குரிய பொருள். தமிழுக்கு 'சாக்' வாசலில் இடம்: சாக்.கல்ச்சர்.தமிழ். அதாவது பண்பாடு, ஒரு கூட்டத்தார். தொல்காப்பியம் வைத்திருக்கிற மொழியை மொழியாகப் பார்க்காமல் ஜனமாகப் பார்த்தது அந்த அலமாரி. பெயர் 'யார்' என்று கேட்டதால் அங்கே நடந்ததும் முக்கால்வாசி 'யார்' சண்டைதான். பிராமணர் - திராவிடர், வடமொழி - தமிழ், ஈழம், சாதி. பக்கத்தில் சாக்.கல்ச்சர்.இந்தியன், சாக்.கல்ச்சர்.ஸ்ரீலங்கா. ஒரே மடலை மூன்று குழுவுக்கும் சேர்த்துத் தட்டிவிட்டு மூன்று வீட்டிலும் தீ வைப்பவர்கள் அன்றே இருந்தார்கள். இதைச் சொல்லாமல் மறைத்தால் நான் கட்சிக்காரன் ஆகிவிடுவேன். ஆனால் இதுவும் என் பக்கத்துச் சாட்சிதான். இசைக் குழுவில் சுருதிக்குச் சண்டை. பண்பாட்டுக் குழுவில் பரம்பரைக்குச் சண்டை. போர்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே நடக்கும்.

பொருளை வைத்துக் கூடினால் தமிழர்களால் என்ன முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமாக. அந்தக் காலகட்டத்தில் வெளிநாட்டுத் தமிழர்கள் மடலாடற்குழுக்களை ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட், அதற்கு எழுத்துருவும் விசைப்பலகையும் கொடுத்த முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல். அதற்கு முன்பெல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி மண்டை காய்ந்தார்கள். உன் எழுத்துரு என் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது என்ற பிரச்சினையைத் தீர்க்க, அதற்கென்றே தனியாக மடலாடி, திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தைக் கொண்டுவந்தார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டில் இருந்த ஆட்கள், முக்கால்வாசிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்க்காதவர்கள், சங்க இலக்கியத்தையும் மற்ற பழைய நூல்களையும் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகப் போட்டார்கள். நம் வகுப்பில் செமினாருக்கு முதல் நாள் ராத்திரி குறுந்தொகையை வெட்டி ஒட்டுகிறோமே, அது யார் தட்டியது என்று நினைக்கிறீர்கள்? எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்டுக்கொண்டா தட்டினார்கள்? வேலை இன்னது என்று மேசையில் இருந்தது, வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு, சும்மா இல்லை. 2015 அக்டோபர் 11-ல் தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்தது புதுக்கோட்டையில்தான். நடத்தியவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர்கள். அதையொட்டித் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து போட்டி வைத்தபோது, கணினித் தமிழ், சுற்றுச்சூழல், பெண்கள் முன்னேற்றம் என்று பொருள்வாரியாகத்தான் பிரித்தார்கள். உலகத்தில் எங்கிருந்தும் எவரும் எழுதலாம். பதிவர்களுக்கு ஒரு கையேடும் போட்டார்கள். ஆக, நமக்கு இது தெரியாத வித்தை இல்லை. திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்று ஒரு நூலகம் இருக்கிறதே, கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி சொந்த முயற்சியில் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள். அந்தப் புத்தகங்களை எல்லாம் கொடுத்தவர் பெயர்வாரியாக, மாமா வீட்டார் கொடுத்தது, மச்சான் வீட்டார் கொடுத்தது என்று அடுக்கியிருந்தால் ஓர் ஆராய்ச்சி மாணவனாவது உருப்படுவானா? நம் வாட்ஸ்அப் அப்படித்தான் அடுக்கியிருக்கிறது.

நூலகம் என்றதும் ஒரு கொசுறு. பொருள்வாரியாக அடுக்குவதில் உலகத்துக்கே பாடம் எடுத்தவர் சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு புத்தகத்தை மரத்தில் ஒரே கிளையில் கொண்டுபோய்த் தொங்கவிடாதே, அது எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் என்று பல முகத்திலிருந்தும் பார் என்பது அதன் சாரம். யூஸ்நெட்காரர்களின் மரத்தில் இருந்த ஓட்டையும் இதுதான். புதுக்கோட்டை மானாவாரியில் கடலை போட்டு மழை பொய்த்தால், அது விவசாயமா, வானிலையா, கடனா, சாக்.கல்ச்சர்.தமிழா? அவர்கள் இதற்குக் கண்டுபிடித்த நாட்டு வைத்தியம், ஒரே மடலை இரண்டு மூன்று குழுவில் சேர்த்துப் போடுவது. தீ வைப்பவனும் அதே வசதியைத்தான் பயன்படுத்தினான் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

'அதெல்லாம் படித்த அமெரிக்கக்காரன் விளையாட்டுடா, கிராமத்து ஆளுக்கு வாட்ஸ்அப்தான் இணையம்' என்று என் அறைத்தோழன் சொன்னான். முதல் பாதி உண்மை. 1990-ல் யூஸ்நெட்டில் எழுதிய தமிழர் என்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு, இல்லாவிட்டால் கணினிக் கம்பெனி. ஆலங்குடியிலிருந்து ஒருத்தரும் எழுதியிருக்க முடியாது. ஆனால் இரண்டாம் பாதிதான் எனக்கு எரிச்சல். கிராமத்து ஆளுக்குச் சொந்தக்காரர்கள் குழு போதும், அவருக்கு எதற்குப் பொருளும் தலைப்பும் என்பது உதவி மாதிரி தெரிகிற அவமானம். கேட்க ஆள் இல்லாதவருக்குத்தான் போர்டு வைத்த வாசல் தேவை. அப்பா வக்கீலாக இருப்பவன் சட்ட சந்தேகத்தைச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொள்வான். கறம்பக்குடிக்காரிக்குச் சாப்பாட்டு மேசையும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆளை வைத்துக் கட்டின குழுவில், உன் ஆட்களுக்குத் தெரிந்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். உன் ஆட்களுக்குத் தெரியாதது உன் பிள்ளைக்கும் தெரியாது.

இப்போது ஊரைக் கொளுத்தும் என்று மேலே எழுதினேனே, அதற்கு வருகிறேன். அலங்காரத்துக்கு எழுதவில்லை. 2019 ஏப்ரல், நாடாளுமன்றத் தேர்தல் நேரம். நம் மாவட்டத்துப் பொன்னமராவதி. ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஆடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. காவல் நிலைய முற்றுகை, கல்வீச்சு, காவலர்களுக்குக் காயம், வண்டிகள் நொறுங்கின, 144 தடை உத்தரவு. அந்த ஆடியோ எப்படிப் பரவியிருக்கும்? 'விவசாயக் கடன்' என்றோ 'அரசுத் தேர்வு' என்றோ ஒரு குழு இருந்து அதில் அது விழுந்திருந்தால், இதுக்கும் இந்தக் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று நாலு பேராவது கேட்டிருப்பார்கள். அந்தக் குழுவில் எல்லா சாதிக்காரனும் இருந்திருப்பான். ஆனால் நம் குழுக்கள் பங்காளிக் குழுக்கள், தெருக் குழுக்கள். உள்ளே இருப்பவன் எல்லாம் ஒரே ஆள். ஏசப்பட்டவர்கள் தனி அறையில் கேட்டுக் கொதிக்கிறார்கள். அடுத்த தெருக்காரன், 'அண்ணே, இது நாங்க பேசினது இல்லண்ணே, எங்களுக்கும் அசிங்கமாத்தான் இருக்கு' என்று சொல்ல நினைத்தாலும் அந்த அறைக்கு அவனுக்குச் சாவி கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தலாம், கேட்காது.

இதைக் கட்டுப்படுத்தத்தான் 2018 ஜூலையிலேயே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் பூட்டுப் போட்டது. பொன்னமராவதி அதற்கு ஒன்பது மாதம் கழித்து. பூட்டு கதவில் இல்லை, நோய் சுவரில் இருக்கிறது. 2022-ல் குழுவின் அளவை 256-லிருந்து 512, அப்புறம் 1024 என்று ஏற்றினார்கள். அறையைப் பெரிசாக்கினார்கள், ஜன்னல் வைக்கவில்லை.

யூஸ்நெட் மடல் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. பதில் எழுதினால், எந்த மடலுக்குப் பதில் என்று அந்த எண்ணும் கூடவே போகும். ஒரு பொய்யைப் படிக்கிறவன் அதன் கீழேயே அதற்கான மறுப்பையும் பார்ப்பான். நம் ஃபார்வேர்டுக்கு அப்பன் பெயர் தெரியாது. இங்கே நீ ஆதாரத்தோடு மறுத்து எழுதியது இங்கேயே கிடக்கும், அது அடுத்த குழுவுக்குப் பொய்யாகவே போய்ச் சேரும். மடலின் அடையாள எண் என்பது கணினிக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்கத் தோன்றும். 144 போட்ட ஊரில் அந்த வாரம் கடை திறக்க முடியாமல் இருந்தவரிடம் போய் ஒதுக்கிப் பாருங்கள்.

அப்படியானால் அந்தப் பொற்காலம் ஏன் போனது? அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவே இல்லை, மறுபடி ஒருதரம் :-) போனதற்குப் பல காரணம். ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் புது மாணவர்கள் வருவார்கள், யூஸ்நெட்டில் நுழைந்து கேட்ட கேள்வியையே கேட்பார்கள். பழைய ஆட்கள் அவர்களைப் படிக்க வைக்கவே 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று தொகுத்து மாதாமாதம் போட்டார்கள். ஒரு மாதத்தில் புதியவர்கள் பழகிவிடுவார்கள். 1993-94 வாக்கில் ஏ.ஓ.எல். மாதிரி நிறுவனங்கள் தங்கள் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களை உள்ளே விட்டபோது அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை. அப்புறம் விளம்பரக் குப்பை. 2001-ல் பழைய கிடங்கை கூகுள் வாங்கியது. 2024 பிப்ரவரி 22-லிருந்து கூகுள் குழுமங்களில் புது யூஸ்நெட் மடல் வருவது நின்றது. பழையது தேடினால் கிடைக்கும், நான் விழுந்த கிடங்கு அதுதான். தமிழர்கள் வருஷக்கணக்கில் மடலாடிய யாஹூ குழுமங்கள் கதை இன்னும் மோசம். 2019 அக்டோபரில் அறிவித்தார்கள், சேர்த்துவைத்ததை எல்லாம் அழித்தார்கள், 2020 டிசம்பர் 15-ல் கடையையே மூடினார்கள். கம்பெனி வீட்டில் குடியிருந்தால் இதுதான். ஊர் ஊராகக் கைமாறிய யூஸ்நெட்டில் எவன் கடையை மூடினாலும் மற்றவனிடம் ஒரு பிரதி இருக்கும்.

அந்தச் செப்டம்பரைப் படித்தபோது எனக்கு எங்கள் ஜூலை மாதம்தான் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் ஜூனியர்கள் வருவார்கள், வருஷா வருஷம் அதே முதல் பட்டதாரி, அதே பஸ் பாஸ், அதே உதவித்தொகை. நாம் என்ன செய்கிறோம்? 'மேல ஸ்க்ரோல் பண்ணி பாரும்மா' என்கிறோம். பாவிகளா, மேலே இருப்பது 4000 செய்தி!

ஆகவே போன மாதம் எங்கள் செட் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். டிபார்ட்மென்ட் குழுவைக் கலைத்துவிட்டு, சான்றிதழ் - உதவித்தொகை, தேர்வு, வேலை, தங்குமிடம் - பஸ், அரட்டை என்று ஐந்தாக உடைப்போம். எந்த டிபார்ட்மென்டும், எந்த வருஷமும், எந்தக் கல்லூரியும் சேரலாம். நுழைவு இணைப்பைத் தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரிலேயே ஒட்டுவோம். 'வேற காலேஜ்காரனுக்கு நாம ஏன் மாப்ள பதில் சொல்லணும்?' என்று ஒருத்தன் கேட்டான். நல்ல பையன், ரத்த தானம் எல்லாம் செய்வான். குழு என்றாலே 'நம்ம ஆளு' என்று அவன் மூளையில் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொருத்தன், 'அரட்டை குழுதான் ரொம்பும், மத்தது காலியா கிடக்கும்' என்றான். கிடக்கட்டுமே! அரட்டை அறை ரொம்புவதற்குத்தான் 'டாக்' வாசல். காலியாகக் கிடக்கிற அறையில்தான் கேள்வி காதில் விழும். ஓட்டெடுப்பு வைத்தோம். தோற்றேன். 100 ஓட்டு வித்தியாச விதி எல்லாம் தேவைப்படவில்லை, எனக்கு விழுந்ததே ஒன்பது.

தோற்றதற்காகச் சும்மா இருக்க முடியுமா? அந்த ஒன்பது பேரும் சேர்ந்து 'சான்றிதழ் - உதவித்தொகை' என்ற ஒன்றை மட்டும் ஆரம்பித்துவிட்டோம். குழு விவரத்தில் நாலு வரிச் சாசனம். அடிக்கடி கேட்கிற 22 கேள்விக்குப் பதில் எழுதி உச்சியில் குத்தி வைத்திருக்கிறோம், முதல் கேள்வி அந்த உறுதிமொழிப் படிவம். இரண்டாவது, விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று மேசை மேசையாக ஏறி இறங்க நாளாகும், கடைசித் தேதி வரை காத்திருக்காதே என்பது. மூன்று வாரத்தில் 61 பேர். முதல் செய்தியே ஒரு ரோஜாப்பூ குட்மார்னிங், போட்டவரிடம் தனியாகச் சொல்லி எடுக்க வைத்தோம், அவர் கோபித்துக்கொண்டு வெளியேறி மறுநாள் திரும்ப வந்தார்.

கறம்பக்குடிக்காரியும் வந்திருக்கிறாள். நேற்று கரண்ட் வந்தபிறகு பார்த்தால், அறந்தாங்கியிலிருந்து யாரோ ஒருவர், யார் எண்ணிலும் பெயர் பதியாத ஒரு எண், ராத்திரி பதினொன்றரைக்குக் கேட்டிருக்கிறார்: 'தம்பி, எம் பொண்ணு இந்த வருசம் என்ஜினியரிங் கவுன்சிலிங். அந்த உறுதிமொழிப் பேப்பர் எங்க கெடைக்கும்?' பதினொன்று நாற்பதுக்கு அவள் பதில் போட்டிருக்கிறாள். படிவத்தோடு.